தேதி போடாத செய்தி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
9 மார்ச் 2025

அன்புள்ள ரோகிணி அண்ணிக்கு,

நீங்கள் இருக்கும் மேருவுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு மணி நேரம்தான், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் எதை எழுதினாலும் எங்கெங்கோ போய்விடுகிறது. தாளை ஃபார்வர்ட் செய்ய முடியாது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

என் பிரவின் டிங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது ரத்தம் கேட்டு குரூப்புகளில் ஒரு செய்தி அனுப்பினீர்களே, அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் போய் இரண்டு வருடமாகிறது. படத்தில், நீங்கள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையோடு சிரிக்கிறான். 'அவசரம், மூன்று வயதுக் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை.' கீழே என் நம்பர். தேதி போடவில்லை அண்ணி. அதனால் யார் எப்போது படித்தாலும் அது இன்றைக்குத்தான்.

செய்தி அனுப்பும் செயலியில் புகார் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் செய்தியில் தவறாக எதுவும் இல்லை என்று பதில் வந்தது. போன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் இயந்திரம் பதில் போடுகிறது: 'உங்கள் பிரச்சினையை ஒரே வார்த்தையில் தெரிவிக்கவும்.' எந்த வார்த்தையைப் போடுவது? நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "நம்பர மாத்திடுங்க லா அக்கா, அஞ்சு நிமிஷ வேல" என்றாள்.

நான் மாற்றவில்லை. ஏன் என்று உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் காப்பாரிலிருந்து ஒரு லோரி டிரைவர் கூப்பிட்டார். "தங்கச்சி, எனக்கும் அதே ரத்தம்தான். எந்த ஆஸ்பத்திரி சொல்லுங்க, லோரிய போட்டுட்டு மோட்டர்ல வந்துர்றேன்."

"கெடச்சிருச்சு அண்ணே."

"பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். பாலர் பள்ளிக்குப் போறான்."

"அப்ப பழைய மெசேஜா? பரவால்ல லா. பொழச்சான்ல, அது போதும்."

எவ்வளவு சந்தோஷம் அந்த மனிதருக்கு. கூப்பிடுகிற எல்லோரிடமும் இப்படித்தான் சொல்கிறேன். போனில் அவன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். பாப்பாவுக்குப் பேச்சுப் புரியத் தொடங்கிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இது நிற்க வேண்டும். நீங்கள் அனுப்பியது, நீங்களே நிறுத்துங்கள்.

ஷாமினி


மேரு,
17 மார்ச் 2025

அன்பு ஷாமினி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று படித்துவிட்டேன். காரியத்தன்று 'இனிமே இங்க வராதீங்க அண்ணி' என்று சொன்னாயே, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது இதுதான். பாப்பாவைக்கூட தம்பி குரு காட்டிய படத்தில்தான் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லைமா. சரி, கொஞ்சம் குறைதான்.

பிள்ளை போன மறுநாளே, இனி அனுப்பாதீர்கள் என்று எல்லாக் குரூப்பிலும் போட்டேன். அது பக்கத்திலுள்ள பண்டமாரானைத் தாண்டவில்லை போலிருக்கிறது. முதலில் அனுப்பியது பினாங்குவரை போய்விட்டது. ரத்தம் வேண்டும் என்றால் நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். வேண்டாம் என்றால் யார் அனுப்புவார்கள்? அதை இனி என்னால் பிடிக்க முடியாது.

ஒன்று செய்யலாம். அந்த சிம் கார்டை என்னிடம் கொடுத்துவிடு. என் பழைய போனில் போட்டு வைக்கிறேன். கூப்பிடுகிறவர்களிடம் நான் பேசுகிறேன். ஆனால் உன்னைப் போலச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டால் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் எழுதிவிடு.

அண்ணி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
4 மே 2025

அண்ணி,

உங்கள் தம்பியிடம் சிம் கார்டைக் கொடுத்தனுப்பினேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஊசி போட கிளினிக் போயிருந்தேன். புது நம்பரைப் பதிய வேண்டும் என்றதற்கு, பழைய நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். பழைய நம்பர் இல்லாததால்தானே மாற்ற வந்திருக்கிறேன் என்றால், "சிஸ்டம் அப்படித்தான் அக்கா" என்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்கத்தான் பழைய நம்பரில் உங்களைக் கூப்பிட்டேன். என் புது நம்பர் உங்களுக்குத் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "பிரவினுக்காகக் கூப்பிட்டீங்களா?" என்றீர்கள்.

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"தவறிட்டான்மா. என் தம்பி மகன்தான். ரெண்டு வருஷமாச்சு. நீங்க கூப்பிட்டதே பெரிசு. முடிஞ்சா பக்கத்து ஆஸ்பத்திரியில குடுத்துருங்க, வேற பிள்ளைக்கு ஆகும்."

நீங்கள் முதலில் சொன்ன அந்தச் சொல்லை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை அண்ணி. உங்கள் தம்பிகூட 'அப்போ' என்றுதான் சொல்வார், 'அதுக்கப்புறம்' என்பார். நீங்கள் யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னீர்கள். நானும் யாரோ ஒருத்தியாக நின்று கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் என் இடுப்பிலிருந்த பாப்பா சத்தம் போட்டாள். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். அவள் குரலை அதற்கு முன் நீங்கள் கேட்டதில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கவுண்டரில் கூப்பிட்டார்கள், அடுத்த ஆளைப் பார்க்கச் சொல்லிக் கைகாட்டினேன்.

அந்த எண்ணைக் கேட்கவே மறந்துவிட்டேன். இந்நேரம் அது செல்லாமல் போயிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேருவுக்கு வருகிறேன். நான் அங்கே இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், போனை என்னிடம் கொடுங்கள். அந்த வார்த்தை என் வாயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உங்கள்
ஷாமினி