ஒரே ஒரு இருக்கை

பிரைடி,

பிரிட்ஜில் ஆட்டுக்கறி ரோஸ்ட் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை வாங்க போர்ட் அகஸ்டாவிலிருந்து ஒருவர் வருவார்.

உன் அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் அவனுடைய ராக்கெட் விளையாட்டை நேற்று நீ திறந்ததும் கத்திவிட்டேன், காரணம் சொல்லவில்லை. அதில் அவன் ரோரி என்று தன் பெயரையே வைத்த விமானி, எரிபொருள் தீர்ந்து நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். யாராவது திறந்தால்தான் அங்கே நேரம் நகரும். திறக்காதவரை அவன் காத்திருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

காலையில் உன் மீட்பு ராக்கெட்டைப் பார்த்தேன். நீ வழக்கமாகப் போடும் மூன்று என்ஜினுக்குப் பதில் ஒன்று, செலவு பாதி. "காசைக் கரியாக்குறியேடி!" என்பானே உன் அண்ணன், அவனே மெச்சியிருப்பான். ஆனால் இருப்பது ஒரே இருக்கை. அதில் பிரைடி என்று ஒரு விமானியை உட்கார வைத்திருக்கிறாய். திரும்பும்போது ரோரி எங்கே உட்காருவான்?

அவளை இறக்கிவிடு. ராக்கெட்டை ஆளில்லாமலே ஓட்டலாம்.

வருபவரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிடு.

அப்பா

வீட்டுச் சாவி பார்பிக்யூ அடுப்புக்குள் இருக்கிறது.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை அவனைத் தரையிறக்காதே. அவன் வந்து இறங்கும்போது நானும் இருக்க வேண்டும்.