லண்டனுக்கு எண்பது நடை

நண்பா,

இன்று காலை என் மகன் லண்டனுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். கோலாலம்பூரிலிருந்து பதினான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாப்பா சிரிக்கிறீங்க?" என்றான். அவனிடம் சொன்னால் கதை நீளும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நம் ஊர் பத்து பாகாட்டுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே நீயும் நானும் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினோம். உன் மகள் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கு லண்டன் போனவள், உன்னைக் கேட்காமலே அங்கே ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று வருடம் நீ அவளோடு பேசவில்லை. யாராவது கேட்டால், "ரொம்ப தூரம் லா, எப்படிப் போறது?" என்பாய். கோபம் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

குழந்தை பிறந்ததும் அவள் போனில் என்னைத்தான் அழைத்தாள். "மாமா, ரெண்டு டிக்கெட் போடுறேன். நீங்க கூட வந்தா அப்பா வருவாங்க." அன்றே உன் வீட்டுக்கு வந்து, லண்டனுக்கான பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டரை, ஜொகூர் பாருவுக்கு நம் ஒரு நடையான நூற்று முப்பதால் ஒரு தாளில் வகுத்துக் காட்டினேன். நீ தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாய்.

"எண்பது நடைதானா? அது நமக்கு ஒரு மாச ஓட்டம்தானே?"

பிறகு மெதுவாக, "பாஸ்போர்ட் எடுக்க எப்ப போலாம்?" என்றாய்.

விமானத்தில் நீ கண்ணை மூடவேயில்லை. "ஓட்டுறவரு முழிச்சிருக்காரு, நாம தூங்கினா நல்லாவா இருக்கும்?" சாப்பாடு கொண்டுவந்த பணிப்பெண்ணிடம், டிரைவர் சாப்பிட்டாரா என்று மலாயில் விசாரித்தாய். விமானிகள் மாறி மாறி ஓய்வெடுப்பார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நமக்கு ஒருநாளாவது மாத்து ஆள் விட்டாங்களா?" என்று என் காதில் முணுமுணுத்தாய்.

எதிரே இருந்த திரையில் மீதித் தூரம் குறையக் குறைய உன் பேச்சும் குறைந்தது. ஆயிரம் கிலோமீட்டர் இருக்கையில் என் கையைப் பிடித்தாய். "இறங்கினதும் அவகிட்ட என்னடா பேசுறது?"

வெளியே அவள் குழந்தையோடு நின்றாள். கணவர் ஓரடி பின்னால், உன்னைப் பார்க்கத் தயங்கியபடி. நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தூரத்துல வந்து உக்காந்திருக்கியே, என் முதுகே போச்சு" என்றாய். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நீ குழந்தையை வாங்கிக்கொண்டு, உன் பையை மருமகன் கையில் கொடுத்தாய்.

திரும்பும் வழியில் திடீரென்று என் பக்கம் திரும்பினாய். "உனக்குச் சாஆ டவுன்ல ஒரு அண்ணன் இருக்காருல்ல? அது அரை நடைதாண்டா."

வீட்டுச் சண்டையில் நானும் அண்ணனும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நீ கோலாலம்பூர்வரை குறட்டை விட்டாய்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த மறு ஞாயிறு, சாஆவுக்குக் காரை எடுத்தேன். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனார்.

இப்போதெல்லாம் ஞாயிறு பதினொரு மணிக்குள் நான் அங்கே இல்லையென்றால், அண்ணனிடமிருந்து போன் வந்துவிடுகிறது.