பச்சையாக எதுவும் கூடாது

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி பரணிக்கு,

அக்கா காஞ்சனா எழுதிக்கொள்வது. இங்கே நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசிக்குத்தான் திருப்பதி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வைத்தியம் நடக்கிறது. ராஜஸ்தான் வெயிலில் பட்டாளத்துச் சாப்பாட்டை நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் மாமா காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இது அவரைப் பற்றிய சங்கதி.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடியெல்லாம் கொட்டிவிட்டது. அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், தரிசனம் நன்றாக ஆனதா என்று தெலுங்கில் விசாரித்தாள். பேஷாக ஆனது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை மருந்து ஏற்றிய அன்று, என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தருகிற நீரஜா வந்தாள். சின்னப் பெண், தெலுங்குக்காரி. நாங்கள் நகரி பக்கத்துத் தமிழர் என்று தெரிந்து தமிழிலேயே பேசினாளாம். மருந்தால் வெள்ளை அணுக்கள் குறையும், அவைதான் உடம்புக்கு எல்லைக்காவல், ஆள் குறைந்த நேரத்தில் கிருமி உள்ளே வரக்கூடாது, அதனால் பச்சையாக எதையும் கொடுக்காதீர்கள் என்றாளாம். நான் வாந்தி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் மாமா, “டாக்டரம்மா பச்சையே துன்னக் கூடாதுன்னு சொல்லிச்சு” என்றார். நானும் நம்பினேன்.

வேகவைக்காததைத்தான் அவள் சொன்னாள். உன் மாமா நிறம் என்று எடுத்துக்கொண்டார்! அன்றோடு வீட்டில் கீரை போச்சு, அவரைக்காய் போச்சு, பச்சைப்பயறும் போச்சு. ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எறிந்தார். அதற்குப் பதிலாகத் தினமும் காரட்டும் பீட்ரூட்டும் பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராக ஜூஸ். பச்சைமிளகாயைக் கடிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷன், நான் பார்த்து ஏங்கக் கூடாது என்று அதையும் விட்டுவிட்டார். பொங்கலுக்கு நீ எடுத்துக்கொடுத்த கிளிப்பச்சைப் புடவையும் பீரோவுக்குள் போய்விட்டது.

போன வாரம் வெள்ளை அணு போதவில்லை என்று மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நீரஜா துருவிக் கேட்க, குட்டு உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் முகம் மாறியது. வேகவைக்காத ஜூஸ்தான் ஆபத்து, கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள், உடம்பு தாங்க வேண்டுமானால் பருப்பு, வெந்த முட்டை, கோழி எல்லாம் வேண்டும் என்றாள். அணு குறைந்தது மருந்தினால், உங்கள் ஜூஸினால் இல்லை, அணுவைக் கூட்ட ஊசி இருக்கிறது என்றும் சொன்னாள்.

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், “நான்தான் உன்னக் கெடுத்துட்டேனா காஞ்சனா?” என்றார். எத்தனை சொல்லியும் அவர் மனசு ஆறவில்லை.

இப்போது தினமும் கீரைதான். கேழ்வரகுக் களி கிண்டி, சிறுகீரை கடைந்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கிறார். களியில் கட்டி இருக்கும். எனக்கோ எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி இருக்கிறது. ஆனாலும் தட்டை வழித்துவிடுகிறேன். நான் விழுங்கும்போது அவரும் கூடவே விழுங்குகிறாரே, என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். மருந்துக்குப் பயமில்லை. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் பயம். கிளிப்பச்சைப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் கட்டிக்கொண்டு போவேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் முடிவு தெரிந்திருக்கும். எதுவானாலும் மாமாவுக்கு ஒரு போன் போடு. பச்சைக் கதையை மட்டும் எடுக்காதே. உங்கள் கீரையை அக்கா ஆஹா ஓஹோ என்று எழுதியிருக்கிறாள் என்று சொல்.

நீ ஊருக்குக் காவல் நில், திருத்தணி முருகன் உனக்குக் காவல் நிற்பான். மாங்காய் சீசனுக்குக் கட்டாயம் வா. லீவு கேட்கும்போது அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதாதே, பரணி. அக்கா வீட்டில் விருந்து என்று எழுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா காஞ்சனா