ஒரு சனி, இரண்டு பஞ்சாங்கம்

அவிநாசி
24.8.2024

அன்புள்ள இந்துவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. பேசினால் பின்னால் பாப்பாவின் சத்தம் கேட்கும். முகத்தைக் காட்டச் சொல்லிவிடுவேன். பாப்பா பிறந்த ஒன்பதாம் நாள் என் அப்பா நிட்டிங் மிஷின் பக்கத்திலேயே சாய்ந்து உயிரை விட்டாரே, அன்றிலிருந்து அம்மா பயந்தே கிடக்கிறாள். "ஏழரைச் சனி முடியற வரைக்கும் புள்ள மொகத்தப் பாக்காத சாமி. உனக்கும் ஏதாச்சும் ஆயிட்டா நா என்ன பண்ணுவே?" என்று தினமும் அழுகிறாள். ஜோசியர் அப்படிச் சொல்லியிருக்கிறார். இப்போது சனி வக்ரமாகிப் பின்னால் போகிறதாம். மார்ச்சில் பெயர்ந்துவிடும். ஏழே மாதம். அதுவரை உன் அப்பா வீட்டிலேயே பொறுத்துக்கொள்.

நூல் வண்டி பழனிமுத்து வசம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாப்பா என்ன செய்கிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுது.

உன் பிரபாகர்

பொங்கலூர்
1.9.2024

அன்பு மாமாவுக்கு,

தேஜஸ்ரீ நேற்று குப்புற விழுந்தாள். கை அடியில் மாட்டிக்கொண்டு ஒரே அழுகை. எடுத்துவிட்டால் மறுபடியும் விழுகிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

சனி பின்னால் போகவில்லை மாமா. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம் இது. பல்லடம் ரோட்டில் நாம் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மரங்களோடு சேர்த்துப் பார்த்தால் லாரி பின்வாங்குகிற மாதிரி தெரியும் அல்லவா? பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிறது. சனி வெளிவட்டத்தில் மெதுவாக வருகிறது. நாம் முந்துகிறோம், அவ்வளவுதான். சூரியன் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதுவும் தன் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் விழுவதும் இல்லை, விலகிப் போவதும் இல்லை. ஒரு சுற்று முடிய இருபத்தொன்பதரை வருஷம்.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். புருஷனைப் பறிகொடுத்தவர். மார்ச் வரை நான் இருந்துகொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் இந்து

அவிநாசி
2.4.2025

அன்புள்ள இந்துவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மார்ச் 29-ல் சனி பெயர்ந்தது திருக்கணிதப் பஞ்சாங்கப்படியாம். நம் குடும்பத்துக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான் என்று ஜோசியர் இப்போது சொல்கிறார். அதில் பெயர்ச்சி அடுத்த வருஷம் மார்ச் ஆறாம் தேதி. "இத்தன நாள் பொறுத்த இந்து புள்ள, இன்னொரு வருசம் பொறுக்காதா?" என்கிறாள் அம்மா.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயம். போன வாரம் நெஞ்சு வலித்தது. டாக்டர் வாயு என்றுதான் சொன்னார். இருந்தாலும் அப்பா முகமே கண்ணில் நிற்கிறது.

உன் பிரபாகர்

பொங்கலூர்
6.4.2025

மாமாவுக்கு,

வானத்தில் சனி ஒன்றுதான் இருக்கிறது. புத்தகம்தான் இரண்டு. நொடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அது போன மாதமும் போனது, இன்றும் போகிறது. பொங்கலூரில் ஒரு குழந்தை இருப்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மே பத்து அவளுக்கு முதல் பிறந்தநாள். அத்தைக்குத் தெரியக் கூடாதென்றால் தெரியாமல் வாருங்கள். கேக் வெட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன், வாருங்கள்.

இந்து

அவிநாசி
8.3.2026

என் இந்துவுக்கு,

முடிந்தது! முந்தாநாள் சனி பெயர்ந்துவிட்டது. அம்மா எள் தீபம் போட்டுவிட்டு வந்து தானாகவே சொன்னாள்: "போய்க் கூட்டிக்கிட்டு வா சாமி. பாப்பாவ மடியில வெச்சு ரண்டு வருசமாச்சு."

இத்தனை மாதமாக நீ எழுதாதது என் தப்பால்தான். நேரில் வந்து திட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்து வருகிறேன். நம் நிட்டிங் யூனிட் துணியிலேயே ஆறு கவுன் தைக்கச் சொன்னேன். டைலர் அளவு கேட்டார், தெரியவில்லை. குத்துமதிப்பாகச் சொன்னேன். நம் அறையில் தொட்டிலுக்குக் கொக்கியும் மாட்டியாகிவிட்டது.

உன் பிரபாகர்

பொங்கலூர்
11.3.2026

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குப் பயம் தெளிந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பிறந்தநாளன்று உங்கள் காரைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டீர்கள். அரைமணி நேரம் வெயிலில் நின்றோம். "உள்ள வா கண்ணு, மாப்பிள்ள வரமாட்டாரு" என்று அப்பா வந்து கூப்பிட்டார். அப்புறம் கார் திரும்பிப் போனது. அன்றோடு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கோபம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

நாங்கள் கூப்பிட்டபோது வரவில்லை, சனி நகர்ந்ததும் வருகிறீர்கள். இன்னும் இருபது வருஷத்தில் அது சுற்றிக்கொண்டு மறுபடியும் உங்கள் ராசிப் பக்கம் வரும். அன்றைக்கும் நாங்கள் பெட்டியைக் கட்ட முடியாது. நான் அவிநாசிக்கு வரவில்லை. போன ஜூனிலேயே பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் வாருங்கள். அவளுக்கு அப்பா நீங்கள்தான், அதை யாரும் மாற்றப்போவதில்லை. பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் தூங்கிவிடுவாள். தொட்டிலை விட்டு வெகுநாளாயிற்று, பாயில்தான் படுக்கிறாள். புது ஆளைக் கண்டால் அழுவாள். எடுத்ததும் தூக்கிவிடாதீர்கள். பேசாமல் தரையில் உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளாகவே பக்கத்தில் வருவாள்.

இந்துமதி