தட்டிலிருந்து எடுத்த பீடி

இன்று காலை சுங்கக் கந்தோர் வாசலில் பீடி இலை மூட்டைகள் கிடந்தன. அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து வள்ளத்தில் வந்து, மன்னார்க் கரையில் பிடிபட்டவை. நனைந்த இலையின் புழுங்கல் நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. இதுபற்றி அக்கரை அதிகாரிகளுக்கு எழுத வேண்டும். கடிதம் கொழும்பு, டெல்லி என்று சுற்றித்தான் போகும். கூப்பிடு தூரத்துக்கு உலகம் சுற்றிய பாதை என்று நீ சிரிப்பாய். எனக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது.

நீயும் நானும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஒன்றாகத் திரும்பி, சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கும் ஒன்றாகவே சேர்ந்தோம். ஊர் மீளக் குடியேறிக்கொண்டிருந்த காலம். கொழும்பில் நடந்த புகையிலைக் கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்கு நீ போய்வந்தாய். புகையிலைப் பொருளைச் சனங்களுக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் செய்திருக்கின்றன என்று வந்த நாளிலிருந்து அதே கதை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அடுத்த கிழமையே உன்னைப் பெற்ற ஐயா, பீடிப் புகையால் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். தோட்டவெளிக் கிராமத்தில், உங்கள் தகர வீட்டு முற்றத்தில் பந்தல். வெற்றிலைத் தட்டில் பீடி வைக்காத செத்தவீடு நம் பக்கத்தில் கிடையாது. உன் பெரியப்பா பீடிக்கட்டைப் பிரித்து அடுக்கினார். நீ எல்லாருக்கும் முன்னால் அதை அள்ளி எடுத்தாய்.

"வாற சனத்துக்கு மரியாதை வேண்டாமோ? வெள்ளைக்காரன்ர சட்டம் எங்கட செத்தவீட்டுக்கோ?" என்றார் அவர்.

"எங்கட நாடும் கையெழுத்து வச்சதுதான், பெரியப்பா. மன்னார் என்ன வேற நாடோ?"

அவர் துவாயை உதறித் தோளில் போட்டார். இந்தச் சவப்பெட்டிக்குத் தன் ஆட்கள் தோள் கொடுக்க மாட்டார்கள் என்றுவிட்டு வேலியோரம் போய் நின்றார். ஆம்பிளைகள் எல்லாரும் பின்னால் போனார்கள். அடக்கப் பூசைக்குப் பாதிரிச் சுவாமி சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே காத்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நீயும் நானும்தான். ஐயாவை ஊர் தூக்காமல் விட்டதென்றால் அந்தச் சொல் உன் பிள்ளைகள் காலத்திலும் போகாது. இன்றைக்கு மட்டும் விட்டுக்கொடு என்று கெஞ்சினேன். நீ அசையவில்லை.

அப்போதுதான் உன் அம்மா எழும்பி வந்து பெட்டியின் பிடியில் கை வைத்தார்.

"மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பாத்தது நான். நீங்கள் தூக்காட்டி நான் தூக்கிறன்."

பொம்பிளை பெட்டி தூக்கி ஊர் பார்த்ததில்லை. பெரியப்பா வந்தார், தலைமாட்டைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் உன்னோடு ஒரு சொல் பேசவில்லை. அது உன்னை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று விடியவே அவர் வந்துவிட்டார். வாயிலிருந்து பீடி இறங்காத மனிதர், உன் பெட்டிக்கருகில் கதிரை போட்டு வெறும் வாயோடு இருந்தார். மத்தியானமளவில் விரல்கள் நடுங்கத் தொடங்கின. யாரோ இரக்கப்பட்டு ஒரு பீடியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

"இதைப் பத்திப்போட்டு அவனை எப்பிடித் தூக்கிறது?" என்றார்.

இப்போதெல்லாம் கூட்டங்களில் ஒப்பந்தத்தைப் பற்றி யார் எந்த மொழியில் பேசினாலும், எனக்கு அந்தக் கிழவரின் குரல்தான் கேட்கிறது.