விபூதித் தட்டில் இல்லாத சிம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வெளி மாநிலம் போய்த் திரும்பினால், கைகால் கழுவிய கையோடு அங்கே பேசுகிற சிம்மைக் கழற்றி விபூதித் தட்டில் வைப்பார். மறுபடி கிளம்பும்வரை அது அங்கேயே கிடக்கும். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். இந்த முறை தட்டு காலி.

கேட்டதற்கு, "அது இ-சிம் ஆயிருச்சு புள்ள. போனுக்குள்ளயே இருக்குது, கழட்ட முடியாது. உன்னுதையும் மாத்திக்கலாம்" என்றார்.

அதற்காக இன்று திருச்செங்கோட்டுக்குப் போனோம். அவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது இ-சிம்மைக் கழற்றவே முடியாதா என்று கடையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"கழட்டத்தான் முடியாதுங்கக்கா. வேண்டாங்கறப்ப அணைச்சு வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

அவர் உள்ளே வந்ததும், எனக்குப் பழைய சிம்மே போதும் என்று சொல்லிவிட்டேன். "ஏன் புள்ள?" என்றார். நான் கடைப்படி இறங்கிவிட்டேன்.

இப்போது அவர் தலையணைக்கடியில் போன் அதிர்கிறது. அந்தச் சிம்மை அணைக்கச் சொன்னால் என் கண்ணெதிரிலேயே அணைத்துக் காட்டுவார். நான் தூங்கிய பிறகும் அது அணைந்தே கிடக்கிறதா என்று எந்தத் தட்டில் போய்ப் பார்ப்பேன்?