உன் கை தானாக எடுத்த எழுத்து

நேற்றுச் சாயங்காலம் மகளின் கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் குடிநீர்க் குழாய் விஷயமாகத் தகராறு. ஒருவழியாக இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிச் சமாதானம் ஆகிவிட்டது. அதை எல்லோருக்கும் தெரிவிக்கும் பொறுப்பு என் தலையில். 'பேச்சு மு' என்று அடித்தேன். மிச்சத்தை நான் அடிப்பதற்குள் அதுவே அடித்துவிட்டது: 'முறிந்தது.'

"அதிகமா வர்ற வார்த்தைய அது முன்னாடியே எடுத்து வெச்சிருக்கும்மா. தப்பா இருந்தா சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்," என்றாள் மகள்.

கோடு வரவில்லை. எப்படி வரும்? 'முறிந்தது' என்பதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லையே. அவள் சிரித்துக்கொண்டே அதை அழித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் அந்தச் சின்ன அச்சகத்தில் நீ அச்சுக் கோத்தாய். நான் பக்கத்து மேசையில் தாள் மடித்தேன். ஈய எழுத்துகள் கிடக்கும் பெட்டியை நீ பார்ப்பதே இல்லை. எழுதிக் கொடுத்த தாளில் கண் இருக்கும், கை தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் முதல் சொல்லைப் பார்த்ததுமே முழு வரியும் உன் கையில் கோத்து நிற்கும். "பாதி சொன்னா போதும்டி, மீதி என் வெரலுக்கே தெரியும்," என்பாய். அந்தக் கர்வம் உனக்கு அழகாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் நெசவாளர்கள் பட்டு வியாபாரிகளிடம் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியிருந்தார்கள். எப்போதும் தறிச் சத்தம் ஓயாத பிள்ளையார்பாளையத்தில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும், அவ்வளவு அமைதி. உங்கள் வீட்டிலும் தறி நின்று, அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. சங்கத்து நோட்டீஸ்கள் எல்லாம் நம்மிடம்தான் அச்சாகும். பேச்சு முறிந்தது, மறுபடியும் பேச்சு முறிந்தது என்று வாரக்கணக்கில் அதே சொல்லைக் கோத்துக்கொண்டிருந்தாய்.

அன்று காலையில் சங்கத் தலைவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு. "சீக்கிரம் போட்டுக் குடும்மா, ஜனங்க காத்துக்கினு இருக்குது," என்று தாளை நீட்டினார். 'பேச்சு முடிந்தது. விவரம் சொல்ல மாலையில் மைதானத்தில் கூடுவோம்.' வியாபாரிகள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் விவரம் எதுவும் வெளியே வரக்கூடாது என்றார். முதலாளிக்கு வேறு வேலை அவசரம். "நாலு வரிக்கு எதுக்குப் புரூஃபு எடுத்துப் பாக்கணும்? மிஷின்ல ஏத்து," என்றார். தலைவரும் நோட்டீஸ் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே ஆட்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கையெழுத்து வாங்க வியாபாரி வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் கூட்டிப் பெருக்கும்போது மிஷின் அடியில் கிடந்த ஒரு நோட்டீஸை நீ எடுத்தாய். படித்தாய். மறுபடியும் முதலிலிருந்து படித்தாய்.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"'முறிந்தது'ன்னு கோத்திருக்கேன்டி. கை தானா எடுத்துடுச்சு."

முதலாளி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். "யாருகிட்டயும் மூச்சு விடாதே. அந்த ஆளு கையெழுத்து புரியலன்னு சொல்லிக்கலாம்."

"அவர் கையெழுத்து முத்து மாதிரி இருக்குதுண்ணே," என்றாய். அவர் பதில் சொல்வதற்குள், இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த அச்சிலிருந்து 'றி'யைப் பிடுங்கிவிட்டு 'டி'யைச் செருகினாய். மிஷின்காரர் முதலாளியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு மிஷினின் மிதிகட்டையை மிதிக்க ஆரம்பித்தார். மை காயாத தாள்களை ஆளுக்கொரு கட்டாக மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினோம்.

வழியில் கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி வீட்டை நெருங்கும்போதே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஆட்கள். நடுவில் தலைவரின் சட்டையை ஒருவன் பிடித்திருந்தான்.

"காலைல இந்த வியாபாரி வூட்ல காபி குடிச்சிட்டு, இப்ப முறிஞ்சுதுன்றியா? இன்னும் எவ்ளோ நாளு எங்க புள்ளைங்கள பட்டினி போடுவே?"

"முடிஞ்சுதுன்னுதான்பா எழுதிக் குடுத்தேன்!"

"நோட்டீஸ்ல உன் பேருதானே போட்டிருக்குது!"

யாரோ மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். மாடு அவிழ்த்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் மேல் நீ ஏறினாய்.

"அவர் சரியாத்தான் எழுதினாரு! தப்பா கோத்தது நானு!"

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினாய், தொண்டை பிளக்க. சில முகங்கள் திரும்பின.

"யாரு அனுப்புன ஆளு நீ?" என்றது ஒரு குரல். ஒரு கல் வந்து வண்டிச் சக்கரத்தில் மோதியது.

"என்னை யாரும் அனுப்பல. நான் பிள்ளையார்பாளையத்துல பொறந்தவ. எங்கப்பா தறியும்தான் நின்னுக்கினு இருக்குது. இது என் கை செஞ்ச தப்பு. அடிக்கறதுன்னா என்னை அடிங்க!"

பழைய நோட்டீஸையும் புதியதையும் இரண்டு கையிலும் உயர்த்திப் பிடித்தாய். சட்டையைப் பிடித்திருந்தவன் வந்து இரண்டையும் பிடுங்கினான். உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஒரு எழுத்துப்பா," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "ஒரே ஒரு எழுத்துதான் மாறிக்கினு இருக்குது."

தலைவர் தெருவிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். போலீஸ் வந்தபோது ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வியாபாரிகள் பயத்திலோ மனம் இளகியோ அன்றே கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் தறிகள் ஓட ஆரம்பித்தன. உனக்கு வேலை போயிற்று. பிரஸ் பேரை நடுத்தெருவில் கெடுத்துவிட்டாய் என்றார் முதலாளி.

"புரூஃப் வேணாம்னது அவர்தானே? அத ஏன்டி அங்க சொல்லல?" என்று உன்னிடம் சண்டை போட்டேன்.

"சொல்லியிருந்தா அடுத்த கல்லு பிரஸ் மேல வுழுந்திருக்கும்டி. உள்ள நம்ம பொண்ணுங்கல்லாம் குந்திக்கினு இருந்துச்சுங்களே," என்றாய்.

அதன் பிறகு வேறோர் அச்சகத்தில் சேர்ந்தாய். வேகமெல்லாம் போய்விட்டது என்று அங்கே குறைப்பட்டுக்கொண்டார்களாம். பேச்சிலும் மாறிப்போனாய். யார் என்ன சொல்ல வந்தாலும் கடைசிச் சொல் வரைக்கும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அது சில நேரம் எரிச்சலாகக்கூட இருந்தது.

போன வருஷம் பக்கவாதம் வந்து நீ காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் உன் தங்கை வீட்டில் கிடந்தபோது பார்க்க வந்தேன். என்னைக் கண்டதும் உன் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. "சா... சா..." என்றாய்.

"சாப்பாடாக்கா?" என்றாள் தங்கை. நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். "சாவியா? சாமி படமா?" வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உன் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"கொஞ்சம் இருங்க, அவ சொல்லட்டும்," என்றேன். கட்டிலில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்தையும் எங்கோ ஆழத்திலிருந்து தேடி எடுப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினாய். வெகுநேரம் ஆயிற்று.

"சாப்... டி... யா?"

என்னைக் கேட்டாய். அத்தனை பேரும் உனக்கு என்ன வேண்டும் என்று ஊகித்துக்கொண்டிருக்க, நீ என்னைக் கேட்டாய்.

"இன்னும் இல்லடி," என்றேன். உன் முகம் தெளிந்தது. உன் பக்கத்திலேயே தட்டு வைத்துச் சாப்பிட்டேன். கடைசிக் கவளம் வரை பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது என்னிடம் யாராவது பேச வந்து சொல் கிடைக்காமல் தடுமாறினால், நான் எடுத்துக் கொடுப்பதில்லை. காத்திருக்கிறேன்.